வன்னியின் தண்ணீரை யார் அளப்பது?

ஆனையிறவில் உப்பு விளைந்தது. அந்த உப்பைப் பரந்தனில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு முனையில் குளோரீன் வந்தது, மறுமுனையில் ஐதரசன் வந்தது, கரைசலில் கோஸ்டிக் சோடா மிஞ்சியது. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை செய்த வேலை இதுதான். கடலும் வெயிலும் இலவசமாகக் கொடுத்ததைச் சவர்க்காரத்துக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் வேண்டிய பொருளாக மாற்றுவது. 1980களின் நடுப்பகுதியில் போர் அதை நிறுத்திவிட்டது. பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் இன்றும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரவக் குளோரீனை இறக்கி நாட்டின் நீர் வழங்கலுக்கு விற்கிறது. தொழிற்சாலை மீண்டும் திறக்கப்படும் என்ற பேச்சு போர் முடிந்த நாளிலிருந்து ஓயவில்லை. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை மறுபடி இயங்கத் தொடங்கியபோது பொதிக்குச் சூட்டிய 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயர் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. நியாயமான சர்ச்சைதான். ஆனால் அந்த உப்பின் தூய்மையைச் சோதிப்பவர் எங்கே படித்தவர், நாளை பரந்தன் திறந்தால் அங்கே வேலைக்கு நிற்கக்கூடிய இரசாயனவியல் பட்டதாரி எங்கிருந்து வருவார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எங்கும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு வன்னிக்குள் இன்று பதில் இல்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பம்பைமடுவில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் பிரயோக கணிதமும் கணினியும் கற்பிக்கிறது, சுற்றாடல் விஞ்ஞானம் கற்பிக்கிறது. சுற்றாடல் விஞ்ஞானத்துக்குள் இரசாயனம் கணிசமாக உண்டு. ஆனால் இரசாயனவியலுக்கென ஒரு தனித் துறையோ சிறப்புப் பட்டமோ அங்கே இன்னும் தொடங்கப்படவில்லை. தமிழ் பேசும் மாகாணங்களின் மற்றப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். 1974இல் பிறந்த யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில் கடன் வாங்கிய கட்டடங்களில் வகுப்பைத் தொடங்கியது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகம் போரின் மிகக் கொடிய ஆண்டுகளைத் தன் வளவுக்குள்ளேயே கண்டது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. மூன்றிலும் இரசாயனத்துக்கென்று ஒரு துறை உண்டு. இரசாயனம் மிகவும் வேண்டியிருக்கும் நிலத்தில் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தில்தான் அது இல்லை. அது தொடங்கப்பட வேண்டும், சிறியதாகவே தொடங்கப்பட வேண்டும், அளத்தலை அதன் மையமாகக் கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மிகவும் வேண்டியிருக்கும் நிலம் என்பது மிகைப்பேச்சு அல்ல. வவுனியாவில் தண்ணீர் கொதிக்கவைக்கும் எந்தக் கேத்திலின் அடியையும் பார்த்தால் வெள்ளைப் படை தெரியும். அது கல்சியம், மக்னீசியம். யாழ்ப்பாணத்தின் கிணறுகள் சுண்ணக்கல்லிலிருந்து நீர் எடுக்கின்றன. வன்னியின் தென்பாதியில் நிலத்தடி நீர் பழைய பளிங்குப் பாறைகளின் வெடிப்புகளில் தங்குகிறது. அந்தப் பாறைகளின் கனிமங்கள் நீருக்குப் புளோரைட்டையும் கொடுக்கின்றன. புளோரைட்டு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக வெளிப்படும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும். கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாக, மிஞ்சியதில் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரநிலை நம் வெப்பத்தையும் நாம் குடிக்கும் அளவையும் கருதி 1 மில்லிகிராமோடு நிறுத்துகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எந்தக் கிணறு எங்கே நிற்கிறது என்பதை அளந்தால்தான் சொல்லலாம், அதுவும் மாரியிலும் கோடையிலும் தனித்தனியாக.

காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் அனுராதபுரத்தோடு நிற்கவில்லை. வவுனியாவின் கிராமங்களிலும் வெலிஓயாப் பக்கத்திலும் அதற்குச் சிகிச்சை பெறுவோர் இருக்கிறார்கள். நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சேர்ந்து செய்யும் வேலை என்கிறார்கள் சிலர். விவசாய இரசாயனங்கள் என்கிறார்கள் வேறு சிலர். வெயிலில் உடல் நீர் வற்றுவது என்று சொல்பவர்களும் உண்டு. 2015இல் அரசு கிளைபோசேற்றுக் களைகொல்லியை முற்றாகத் தடைசெய்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது, 2022இல் தடையையே எடுத்துவிட்டது. தடை சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஏழு ஆண்டுகளில் மூன்று முறை மாறிய ஒரு கொள்கைக்குப் பின்னால் கிணறு கிணறாக, பருவம் பருவமாகச் சேர்த்த உள்ளூர்த் தரவு எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் போதும். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், கட்டுரை எழுதினார்கள், போனார்கள். அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து ஆண்டுகள் ஒரே கிணற்றை விடாமல் அளக்க வெளியூர்க்காரரால் முடியாது. பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தால் முடியும். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் அணி வருகிறது, ஒவ்வோர் அணிக்கும் செய்முறை வகுப்பு உண்டு, செய்முறைக்கு மாதிரி வேண்டும். ஆய்வுகூட அலமாரியில் இருக்கும் போத்தலுக்குப் பதிலாகச் செட்டிகுளத்துக் கிணற்று நீர் அந்த மாதிரியாக இருப்பதில் என்ன தடை?

அந்தச் செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஐம்பது மில்லிலீற்றர் கிணற்று நீரைக் குழாயியால் அளந்து நியமிப்புக் குடுவையில் விட வேண்டும். பீ.எச். பத்தில் நிற்கத் தாங்கற் கரைசல் சேர்க்க வேண்டும். எரியோகுரோம் பிளாக் காட்டியில் சிறிது போட்டதும் நீர் திராட்சை இரசத்தின் சிவப்பாகும். அளவியிலிருந்து ஈ.டி.ரி.ஏ. கரைசல் துளித்துளியாக இறங்க, சிவப்பு ஊதாவாகி, ஒரு துளியில் தெளிந்த நீலமாகும். அந்தத் துளியில் கை நிற்க வேண்டும். ஒருமுறை நின்றால் போதாது, மூன்று வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வாசிப்பை அழித்துவிட்டு ஒத்துவரும் எண்ணைக் கொப்பியில் எழுதும் ஆசை எல்லா மாணவருக்கும் வரும். அதை எழுதாமல் விடப் பழகுவதில் இரசாயனக் கல்வியின் பாதி அடங்கியிருக்கிறது. இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் விரிவுரையாளர் கையைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு இடமில்லை. க.பொ.த. உயர்தரத்தில் இரசாயனவியல் உயிரியல் பிரிவுக்கும் கணிதப் பிரிவுக்கும் பொதுவான பாடம். மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போகும் வழி அதனூடாகத்தான். ஆனால் அதற்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லை. அளவியைத் தொடாமலேயே நியமிப்புக் கணக்கில் முழுப் புள்ளி எடுக்கலாம். விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் வன்னியில் நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. 2008-2009இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஊரோடு இடம்பெயர்ந்தபோது ஆய்வுகூடங்களும் போயின. கட்டடம் திரும்பி வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இசட் புள்ளி கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் முதல் வாரத்திலேயே எல்லாம் ஆங்கிலத்தில், நெரிசலான ஆய்வுகூடத்தில், முன்பு தொட்டிராத கருவியோடு. அங்கே பின்தங்குவது புத்திக்குறைவால் அல்ல.

சிறிய துறைக்கான வாதம் இங்கேதான் வலுக்கிறது. சிறியது என்றால் தரம் குறைந்தது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் ஊறியிருக்கிறது. 1989இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தோமஸ் செக் முதல் பட்டத்தைப் பெற்றது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கிரினெல் கல்லூரியில். 2020இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிபர் டவுட்னா படித்தது பொமோனா கல்லூரியில். இரண்டிலும் இளமானிப் பட்டத்துக்கு மேல் கற்பிப்பதில்லை. 1999இல் செக் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கணக்கு வருகிறது. இத்தகைய சிறு கல்லூரிகளில் படித்தவர்களில் பின்னர் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெறுவோரின் விகிதம், பொதுவான கல்வி நிறுவனங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிறார் அவர். விரிவுரையாளரே ஆய்வுகூடத்தில் நிற்பதும், முதுமாணி மாணவர் இல்லாததால் இளமானி மாணவரே உண்மையான ஆய்வில் கைவைப்பதும் அவர் காட்டும் காரணங்கள். கிரினெல் பணக்காரக் கல்லூரி என்பது உண்மை. நம்மிடம் அந்தப் பணம் இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணங்களில் பாதிக்கு மேல் பணத்தால் வருவன அல்ல.

அளக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொன்னது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெய்க் கலப்பைக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை வேறு விதமாகப் பேசியது. ஒரே கிணறு, ஒரே தண்ணீர், இரண்டு முடிவு. எதை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தெரியாமல் ஊர் பவுசர் வண்டிக்குக் காத்து நின்றது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பக்கத்தில் ஒரு முழுப் பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்திலேயே கதை இப்படி என்றால் முல்லைத்தீவின் கிணறு ஒன்றுக்கு என்ன கதி என்று சொல்லத் தேவையில்லை.

முல்லைத்தீவுக்கு அந்த நாள் வரலாம். புல்மோட்டையில் தொடங்கிக் கொக்கிளாய்க் கரை வரை நீளும் கரும் மணலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு அது. உலகில் இவ்வளவு செறிவான கடற்கரை மணல் அரிது. அரச நிறுவனம் அதை அள்ளிக் கழுவிப் பிரித்துப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்கிறது. வெள்ளைப் பெயின்ரின் வெண்மைக்குக் காரணமான தைத்தேனியம் ஈரொட்சைட்டை இங்கேயே செய்தால் என்ன என்று ஒவ்வோர் அரசும் கேட்கிறது. கொக்கிளாய் மக்கள் நிலம் போகும், கரைவலைப் பாடு போகும், கரையும் போகும் என்று எதிர்க்கிறார்கள். இரண்டு பக்கத்தின் பேச்சிலும் இரசாயனம் இல்லை. இல்மனைற்றைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்து வெண்பொருள் எடுக்கும் முறையில் ஒரு தொன் பொருளுக்குப் பல தொன் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் மிஞ்சும். திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் தைத்தேனியம் ஆலையின் அமிலக் கழிவு வேளிக் கடலைப் பல பத்தாண்டுகள் நிறம்மாற்றியது. குளோரீன் வழியாகச் செய்யும் முறை கழிவில் குறைந்தது, ஆனால் கருவியிலும் பாதுகாப்பிலும் கடினமானது. ஆலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லவும், ஆலை வந்துவிட்டால் வெளியேறும் நீரை வாரம்தோறும் அளக்கவும் உள்ளூரில் ஆள் வேண்டும். நிறுவனம் அனுப்பும் அறிக்கையை வாசித்து, இந்த எண் நடக்கக்கூடியது அல்ல என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அந்தக் கூட்டம் வேறு விதமாக முடியும்.

வேலை எங்கே என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். 2017இல் வடக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகங்களுக்கு முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை யாரும் மறக்கவில்லை. இரசாயனம் படித்தவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகிக் கோப்புக் கட்டுவது நடக்கும் கதைதான். ஆனால் வேலையற்ற பட்டதாரிகள் பிரச்சினை விஞ்ஞானத்தைவிடக் கலைப்பட்டத்தில் கனத்தது என்பதும், உயர்தர இரசாயன ஆசிரியருக்கு வன்னியில் இடம் காத்திருக்கிறது என்பதும் தெரிந்தவையே. நீர் வழங்கல் சபை, ஊர்தோறும் முளைத்திருக்கும் தண்ணீர் வடிகட்டும் நிலையங்கள், உப்பளம், அரிசி ஆலை, பால் சேகரிப்பு நிலையம் என்று சோதனை தேவைப்படும் இடங்கள் பல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் எடுக்கும் உணவு மாதிரியை 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளர்தான் சோதிக்கலாம். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. பம்பைமடுவில் ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்ற ஓர் ஆய்வுகூடம் இருந்தால் அதன் முடிவுக்கு எங்கும் மதிப்பு உண்டு, அதற்குக் கட்டணமும் வாங்கலாம். வேலை தானாக வந்து நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்க ஆள் இல்லாத ஊரில் சோதனையைச் சட்டம் கேட்டாலும் யாரும் செய்யமாட்டார்கள்.

யாழ்ப்பாணம் இரண்டரை மணி நேர ஓட்டம், அங்கே நல்ல துறை இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரிலும் விவசாய பீடத்துக்குள் விவசாய இரசாயனத் துறை இருக்கிறது, பிறகு ஏன் இரட்டிப்பு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சிறப்புப் பட்டத்துக்கான இடங்கள் அளவானவை, அறிவியல் நகரில் கற்பிக்கும் இரசாயனம் விவசாயப் பட்டத்தின் ஓர் உறுப்பு. இன்னொரு மறுப்பு மெல்லிய குரலில் வரும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்வோரில் பலர் தென்பகுதிச் சிங்கள மாணவர், ஆகவே துறை தொடங்கினாலும் வன்னிப் பிள்ளைக்கு என்ன இலாபம் என்று. அனுமதி நாடளாவியது, அது மாறப்போவதில்லை. பதவியாவிலிருந்தும் மதவாச்சியிலிருந்தும் வரும் பிள்ளையின் வீட்டுக் கிணற்றிலும் அதே புளோரைட்டுத்தான். மாணவர் எந்த ஊரானாலும் அவர் அளக்கும் நீர் வன்னியின் நீர், எண்கள் இங்கேயே தங்கும். இந்த மறுப்பைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

பெரிதாக எடுக்க வேண்டிய மறுப்பு விரிவுரையாளர் பற்றியது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள துறையில் இருவர் மேற்படிப்புக்குப் போய்த் திரும்பாவிட்டால் துறை நின்றுவிடும். இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. பாதி விடை உண்டு. சேதன, அசேதன, பௌதிக இரசாயனத்தின் அடிப்படைகளை யாழ்ப்பாணத்தோடும் வந்தாறுமூலையோடும் பங்குபோட்டுக் கற்பிக்கலாம். பகுப்பாய்வு இரசாயனத்தில் மட்டும் ஆழமாகப் போகலாம். கருவிச் செலவும் அப்போது கட்டுக்குள் நிற்கும். திரவ ஈலியம் குடிக்கும் பெரிய என்.எம்.ஆர். கருவி தேவையில்லை. அளவி, நிறமானி, சுவாலை ஒளிமானி, அயன் தேர்வு மின்வாய், பிறகு ஓர் அணு உறிஞ்சல் கருவி என்று படிப்படியாகப் போகலாம். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஓய்வுபெற்றிருக்கும் நம் இரசாயனவியலாளர்களை ஓர் அரையாண்டுக்கு அழைக்கலாம். புலம்பெயர்ந்தோர் கோயிலுக்கும் கல்விக்கும் அனுப்பும் காசின் ஒரு பகுதி, திறப்பு விழாக் கல்வெட்டு இல்லாமலேயே, கருவிப் பராமரிப்புக்கு வந்தால் இன்னும் நல்லது. வாங்கிய கருவி உதிரிப்பாகம் இல்லாமல் துணி போர்த்திக் கிடப்பதுதான் நம் ஆய்வுகூடங்களின் பழைய நோய்.

புதிய பட்டநெறி ஒன்றைத் தொடங்கும் வழி தெரிந்ததே. பீடம் பிரேரணை எழுத வேண்டும், மூதவையும் பேரவையும் ஏற்க வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதியும் ஆளணியும் தர வேண்டும். கடைசிப் படியில்தான் இழுபடும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆறு ஆசனங்கள் உண்டு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அங்கேயும் பேச ஆட்கள் உண்டு. பரந்தனைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் இவர்கள், அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் உயர்கல்வி அமைச்சின் தலைப்பு வரும் நாளில், வவுனியாவில் ஓர் இரசாயனவியல் துறைக்கு ஆறு விரிவுரையாளர் பதவிகளும் ஓர் ஆய்வுகூடமும் கேட்டு எழுந்து நிற்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும்போது வாசகர்களும் இதை அவர்களிடம் கேளுங்கள்.